ஒன்ராறியோவில் வைத்தியராகிவிட்டீர்களா? கொம்பனி போடுவதற்கு முன் இதை வாசியுங்கள்

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் வந்தால் எனக்கு இந்த அழைப்பு வரத் தொடங்கிவிடும். ஜூன் கடைசியில் ரெசிடென்சி என்ற வைத்தியப் பயிற்சியை முடித்த பிள்ளை, முதல் ஓஹிப் காசு, அதாவது மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி வைத்தியருக்குக் கொடுக்கும் காசு, வங்கியில் விழுந்திருக்கும், குரலில் சந்தோசமும் பதற்றமும் ஒன்றாக இருக்கும். "அண்ணா, எல்லாரும் கொம்பனி போடச் சொல்லுகினம், நானும் உடனே போடவேணுமோ?"

கொம்பனி போடுவது என்றால், வைத்தியத் தொழிலைச் சொந்தப் பெயரில் இல்லாமல் தனக்கென்று பதிந்த ஒரு கொம்பனி மூலம் நடத்துவது. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். வீட்டுச் செலவு, கடன் கட்டு எல்லாம் போக மாதம் எவ்வளவு மிஞ்சும்? பெரும்பாலும் மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

ஸ்காபரோவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான், என்னிடம் வருகிறவர்களில் வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் நிறையப் பேர். இங்கே சொல்வதெல்லாம் ஒன்ராறியோவுக்கு உரியது. வேறு மாகாணத்தில் பங்கு விதியும் வரி வீதமும் மாறும். வீதங்கள் 2025க்கு உரியவை, நீங்கள் வாசிக்கும் வருடத்தின் எண்களை ஒருக்கால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கொம்பனி வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்

எல்லாரும் சொல்லும் கதை இது. சிறு வணிகக் கொம்பனியின் முதல் 500,000 டொலர் இலாபத்துக்கு மத்திய அரசின் வரி 9 வீதம், ஒன்ராறியோவின் வரி 3.2 வீதம், மொத்தம் 12.2. அதே காசு உங்கள் சொந்த வருமானமாக மேல் தட்டில், அதாவது ஆகக்கூடிய வரி வீதத்தில், வந்தால் 53.53 வீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வாயூறும்தான்.

ஆனால் கதையின் மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. மேல் தட்டில் இருக்கும் ஒரு வைத்தியரின் 100,000 டொலரை எடுத்துக்கொள்வோம். கொம்பனி இல்லாவிட்டால் வரி போகக் கையில் 46,470. கொம்பனிக்குள் வந்தால் 12,200 வரி போக 87,800 நிற்கும். சரி, அந்த 87,800ஐ இந்த வருடமே பங்குலாபமாக, அதாவது பங்குதாரருக்குக் கொடுக்கும் இலாபமாக, வெளியே எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மேல் தட்டில் அதற்கு 47.74 வீதம் சொந்த வரி, கையில் மிஞ்சுவது 45,884. கொம்பனி இல்லாமலே இருந்தவரை விட 586 டொலர் குறைவு! அதற்கு மேல் கணக்காளர் காசு, சட்டத்தரணி காசு, வைத்தியர்களைப் பதிந்து கட்டுப்படுத்தும் கல்லூரியின் கட்டணம் வேறு.

ஆகவே கொம்பனி என்பது வரியைத் தள்ளிப்போடும் உண்டியல், அவ்வளவுதான். உள்ளே கிடக்கும் காசுக்கு மட்டும்தான் இலாபம். 87,800 உள்ளேயே இருந்து பத்து இருபது வருடம் வளர்ந்து, பிறகு வருமானம் குறைந்த காலத்தில், பிரசவ விடுமுறையிலோ ஓய்விலோ, கீழ்த்தட்டு வீதத்தில் வெளியே வந்தால் அது பெரிய காரியம். உழைப்பதெல்லாம் மோட்கேஜுக்கும் மாணவர் கடனுக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் போகிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம். முதலில் ரிஎப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்பையும் ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பையும் நிரப்புங்கள், கடனை இறக்குங்கள், இரண்டு வருடம் கழித்து வாருங்கள். இப்படிச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய பிள்ளைகள் சிலர் வேறு இடத்தில் போய்க் கொம்பனி போட்டதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, சம்பளத்துக்கு வேலை செய்கிற வைத்தியர்கள். ஒரு சமூக சுகாதார நிலையத்தில் நிலையான நேரம், அவர்களுடைய உபகரணம், அவர்களுடைய கட்டுப்பாடு என்று இருந்துகொண்டு, காசை மட்டும் கொம்பனி பெயரில் வாங்கினால், சிஆர்ஏ, அதாவது கனடா வரித் திணைக்களம், "இது வேடம் போட்ட ஊழியர்" என்று முடிவு செய்யலாம். அப்படி முடிவானால் 12.2 இல்லை, 44.5 வீதம். கழிக்கக்கூடிய செலவுகளும் கையெண்ணிக்கைதான்.

படி 2: பெயரும் பங்குகளும்

ஒன்ராறியோவில் வைத்தியர்கள் கொம்பனி போட 2001 நவம்பரில்தான் வழி திறந்தது. கண்ட பெயரும் வைக்க முடியாது, பெயருக்குப் பதிலாக இலக்கம் மட்டும் உள்ள கொம்பனியும் கூடாது. வைத்தியரின் குடும்பப் பெயர், அதுவும் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி, அதற்குப் பின்னால் 'மெடிசின் புரொபெஷனல் கோர்ப்பரேஷன்' என்ற சொற்கள். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிப்போன நம் ஆட்களுக்கு இது ஒரு வேடிக்கை. பதினெட்டு எழுத்துத் தகப்பன் பெயரும் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து காசோலையின் ஒரு வரிக்குள் அடங்காமல் நிற்கும். இதைவிட முக்கியம், கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், கல்லூரியில் இன்னொன்று என்று இருந்தால் அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். பிறகு வங்கியில் நின்று மாரடிக்க வேண்டியிருக்கும்.

வாக்குரிமைப் பங்குகள் முழுக்க கல்லூரி உறுப்பினரான வைத்தியர்களிடம்தான் இருக்க வேண்டும். இயக்குநர்களும் அவர்களே. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு வாக்குரிமை இல்லாத பங்கு கொடுக்க 2006 ஜனவரி முதல் அனுமதி உண்டு. பல் வைத்தியர்களுக்கும் அப்படியே. ஒன்ராறியோவில் மற்றத் தொழில்காரருக்கு, என் போன்ற கணக்காளர் உட்பட, இந்தச் சலுகை கிடையாது. கொஞ்சம் பொறாமைதான்.

பங்கு வகைகளை முதல் நாளே பிரித்து வையுங்கள். வைத்தியருக்கு ஒரு வகை, துணைக்கு ஒரு வகை, பெற்றோருக்கு ஒரு வகை. எல்லாருக்கும் ஒரே வகைப் பங்கு கொடுத்துவிட்டால், ஒருவருக்குப் பங்குலாபம் கொடுக்கும்போது மற்றவருக்கும் அதே கணக்கில் கொடுத்தாக வேண்டும். இணையத்தில் மலிவாகக் கொம்பனி பதிகிறவர்கள் விடும் முதல் பிழை இதுதான்.

கணவன் மனைவி இருவரும் வைத்தியர்களா? ஆளுக்கொரு கொம்பனி போடலாம், ஆனால் ஒருவர் கொம்பனியில் மற்றவருக்குப் பங்கு கொடுக்கும் முன் கணக்காளரிடம் கேளுங்கள். குறுக்குப் பங்கு 25 வீதத்தைத் தொட்டால் இரண்டு கொம்பனியும் தொடர்புடையவை என்றாகி, 500,000 டொலர் எல்லை இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாகிவிடும்.

படி 3: கல்லூரியின் சான்றிதழ்

கொம்பனி பதிந்த கையோடு அதன் பெயரில் வேலை தொடங்க முடியாது. சிபிஎஸ்ஓ, அதாவது ஒன்ராறியோ வைத்தியர்கள் கல்லூரி, அனுமதிச் சான்றிதழ் தந்த பிறகுதான் கொம்பனி வைத்தியத் தொழில் செய்யலாம். கொம்பனியின் சாசனத்தில், வைத்தியமும் அதற்குத் துணையான வேலைகளும் மிஞ்சிய காசை முதலிடுவதும் தவிர வேறு வியாபாரம் செய்யாது என்று எழுதியிருக்க வேண்டும். மச்சானோடு சேர்ந்து அதே கொம்பனியில் உணவகம் நடத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சான்றிதழை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய்ச் சான்றிதழ் காலாவதியான கதைகள் உண்டு. கைபேசியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள், வேலை முடிந்தது.

படி 4: கணக்குகளைத் திறந்து காசின் பாதையை மாற்றுங்கள்

தனி வங்கிக் கணக்கு, தனிக் கடனட்டை. சிஆர்ஏயிடம் கொம்பனி வரிக் கணக்கு, சம்பளக் கணக்கு. ஓஹிப் இலக்கம் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் காசு கொம்பனிக் கணக்கில் விழும்படி சுகாதார அமைச்சில் மாற்ற வேண்டும். வேலை செய்யும் கிளினிக்கோடும் மருத்துவமனையோடும் உள்ள ஒப்பந்தங்களையும் கொம்பனி பெயருக்கு மாற்றி எழுதுங்கள். காசு உங்கள் சொந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருக்க, வருட முடிவில் கணக்காளர் ஒரு பேனாக் கோட்டில் அதைக் கொம்பனிக்குத் தள்ளுவது சரிவராது.

கணக்கு வருடம் எந்த மாதத்திலும் முடியலாம், தனியாள் கொம்பனிக்கு டிசம்பர் கட்டாயமில்லை. நான் பலருக்கு ஜூலை 31 வைப்பேன். அன்றைக்குப் பதிந்த ஊக்கச் சம்பளத்தை 179 நாளுக்குள் கொடுத்தால் போதும், அதாவது ஜனவரி 26 வரை நேரம் இருக்கிறது. ஜனவரியில் கொடுத்தால் கொம்பனிக்கு இந்த வருட வரிக் கழிவு, உங்களுக்கு அடுத்த வருட வருமானம்.

எச்எஸ்ரி என்ற விற்பனை வரி பற்றி ஒரு சொல். நோயாளியைப் பார்ப்பதற்கு அந்த வரி இல்லை. ஆனால் வழக்கறிஞருக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுதும் அறிக்கைகள், அழகுக்காகச் செய்யும் சிகிச்சைகள் போன்றவற்றுக்கு உண்டு. அவை நான்கு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டினால் பதிய வேண்டும்.

படி 5: சம்பளமா பங்குலாபமா

இதில் ஆளுக்கொரு கொள்கை. என் பக்கம் சம்பளம். சம்பளம் எடுத்தால்தான் ஆர்ஆர்எஸ்பி இடம் உருவாகும். 2025க்கான உச்சம் 32,490 டொலர், அது முழுதாகக் கிடைக்க முந்தைய வருடச் சம்பளம் 180,500 இருக்க வேண்டும். சிபிபி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு உங்கள் பக்கமும் கொம்பனி பக்கமும் சேர்த்து 2025இல் 8,860 டொலர் போகும். அதைப் பார்த்துத்தான் பலர் பங்குலாபத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் அது முதுமையில் விலைவாசியோடு ஏறும் ஓய்வூதியம், வீணாகப் போகிற காசு இல்லை. வங்கியில் வீட்டுக்கடனுக்குப் போனாலும் ரி-4 என்ற சம்பளச் சீட்டைக் காட்டுவது சுலபம். உங்கள் கையில் 40 வீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு இருந்தால் உங்கள் சம்பளத்துக்கு வேலைக் காப்புறுதி பிடிக்கத் தேவையில்லை, அது ஒரு சின்ன ஆறுதல்.

பங்குலாபம் எடுப்பதென்றால் ஆர்ஆர்எஸ்பியை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள்.

படி 6: குடும்பத்துக்குக் காசு பிரிப்பது

பழைய கணக்காளரோ பெரியப்பா மகனோ, "மனிசிக்குப் பங்கு கொடு, அம்மா அப்பாவுக்குக் கொடு, வரி குறையும்" என்று சொல்லுவார்கள். 2017 வரை அது உண்மை. ஒன்ராறியோ அரசு கட்டணத்தைக் கூட்டித் தருவதற்குப் பதிலாகத்தான் குடும்பப் பங்கைத் தந்தது என்று மூத்த வைத்தியர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். 2017 ஜூலையில் அப்போதைய நிதியமைச்சர் பில் மோர்னோ இந்தக் கதவை அடைக்கப் போவதாக அறிவித்தபோது வைத்தியர்கள் கொதித்தது அதனால்தான்.

2018இலிருந்து 'ரோசி' என்று நாங்கள் சொல்லும், குடும்பத்துக்குப் பிரித்த வருமானத்தின் மேல் வரி போடும் விதி. கொம்பனியில் உண்மையாக வேலை செய்யாத உறவினருக்குப் பங்குலாபம் கொடுத்தால் அவருடைய வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மேல் தட்டு வீதமே. தப்புவதற்கு வழி சில உண்டு. துணை அந்த வருடமோ, முன்பு எந்த ஐந்து வருடங்களிலுமோ, வாரம் சராசரி 20 மணி நேரம் கொம்பனியில் வேலை செய்திருந்தால் விலக்கு. வைத்தியருக்கு 65 வயதானால் துணைக்குக் கொடுப்பதற்கும் விலக்கு. மற்றத் தொழில்காரர் பயன்படுத்தும் 'விலக்குப் பங்கு' வழி, 10 வீதப் பங்கு வைத்திருந்தால் போதும் என்பது, வைத்தியர் கொம்பனிக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

சம்பளம் கொடுக்கலாம், ரோசி சம்பளத்தைத் தொடாது. ஆனால் வேலைக்கு ஏற்ற சம்பளம். கிழமைக்கு இரண்டு நாள் பில்லிங் பார்க்கும் துணைக்கு, வெளியாள் ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அவ்வளவு. செய்த மணிநேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 70,000 கொடுத்துவிட்டு, சிஆர்ஏ கேட்டால் "அவதான் எல்லாம் பாக்கிறா" என்று சொன்னால், கொம்பனிக்குக் கழிவு போகும், துணைக்கு வரி நிற்கும். இரண்டு பக்கமும் அடி.

படி 7: உண்டியல் நிறைந்தால்

உள்ளே முதலிட்ட காசிலிருந்து வரும் வட்டி, வாடகை போன்றவற்றுக்கு 12.2 இல்லை, 50.17 வீதம். அதில் 30.67 வீதம், பங்குலாபம் கொடுக்கும்போது, திரும்பி வரும், ஆனாலும் கையைக் கடிக்கும். அதோடு அந்த வருமானம் வருடம் 50,000 டொலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டொலருக்கும் 500,000 எல்லையில் 5 டொலர் கரையும். 150,000 ஆனால் எல்லை பூச்சியம். ஒன்ராறியோ இந்தக் கரைப்பைத் தன் பங்குக்குப் பின்பற்றவில்லை, ஆகவே கரைந்த பகுதிக்கு இங்கே வழமையான கொம்பனி வீதமான 26.5 இல்லை, 18.2 வீதம். ஐந்து வீத வருமானம் என்றால் 50,000 வர ஒரு மில்லியன் டொலர் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

படி 8: பொறுப்பு, அதாவது வழக்கு வந்தால்

நோயாளி வழக்குப் போட்டால் கொம்பனி காப்பாற்றும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். காப்பாற்றாது. ஒன்ராறியோச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: கொம்பனி மூலம் வேலை செய்வதால் வைத்தியரின் தொழில்முறைப் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. கல்லூரியில் முறைப்பாடு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, கொம்பனி மேல் வரும் தொழில்முறைக் கோரிக்கைகளுக்கு அதன் பங்காளிகளும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு என்பது. இரண்டு வைத்தியர்கள் சிநேகத்தில் ஒரே கொம்பனியில் வாக்குரிமைப் பங்கு வைத்திருந்தால், ஒருவர் விட்ட பிழைக்கு மற்றவர் வீடும் ஆபத்தில் வரலாம். வாடகை, வரவேற்பாளர், கணினி எல்லாம் பங்கு போடுங்கள், அதற்கு ஒரு செலவுப் பங்கீட்டு ஒப்பந்தம் எழுதுங்கள், ஆனால் கொம்பனி ஆளுக்கொன்று.

உங்கள் உண்மையான கேடயம் சிஎம்பிஏ, அதாவது வழக்கு வந்தால் வைத்தியர்களைப் பாதுகாக்கும் கனடிய சங்கம், அதன் அங்கத்துவம். அது ஆள் பெயரில் இருப்பது, கொம்பனி போட்டவுடன் மாறாது. சந்தாவைக் கொம்பனி கட்டலாம். ஒன்ராறியோ அரசு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, அந்தக் காசு வந்தால் கொம்பனிக் கணக்கில் பதியுங்கள். செய்யும் வேலையின் வகை மாறினால், உதாரணமாக அவசர சிகிச்சைப் பிரிவில் நேரம் எடுக்கத் தொடங்கினால், சிஎம்பிஏக்கு அறிவியுங்கள்.

அப்படியென்றால் கொம்பனி எதைத்தான் தடுக்கும்? சாதாரண வியாபாரக் கடனை. கிளினிக் வாடகை, உபகரணக் குத்தகை, நோயாளி படியில் வழுக்கி விழுந்தது போன்றவை. ஆனால் வங்கியும் கட்டட உரிமையாளரும் உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்து வைத்தால் அந்தத் தடுப்பும் போயிற்று. வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தது உத்தரவாதத்துக்கு ஒரு காலக்கெடுவாவது கேட்டுப் பாருங்கள், சில பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒன்று: இயக்குநர் என்ற முறையில் ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி, சிபிபி, வேலைக் காப்புறுதி, வசூலித்த எச்எஸ்ரி ஆகியவற்றைக் கட்டாமல் விட்டால் சிஆர்ஏ நேரே உங்கள் சொத்தைத் தேடி வரலாம். ஊழியரின் நிலுவைச் சம்பளத்துக்கு ஆறு மாதம் வரையும், விடுமுறைச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மாதம் வரையும் நீங்கள் பொறுப்பு. சம்பளப் பிடிப்பு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் போக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தண்டம்.

படி 9: கொம்பனி அட்டையோடு கடைக்குப் போகாதீர்கள்

வருட முடிவில் ஒரு வைத்தியரின் வங்கித் தாளைப் பிரித்தேன். கிளினிக் வாடகை, ஊசி மருந்து, அதற்கு அடுத்த வரியில் இடியப்பமும் ஆட்டுக்கறியும், பிறகு பிள்ளையின் நீச்சல் வகுப்பு, மாமியாருக்குக் கொழும்பு விமானச் சீட்டு. நல்ல மனிசன், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை, கையில் அகப்பட்ட அட்டையை நீட்டியிருக்கிறார். எல்லாம் கூட்டினால் பதினோராயிரம் டொலருக்கு மேல்.

இதெல்லாம் நீங்கள் கொம்பனியிடம் வாங்கிய கடன். கடன் வாங்கிய கணக்கு வருடம் முடிந்து ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கட்டாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் வருமானம், கொம்பனிக்கோ கழிவும் இல்லை. கட்டும் வரை வட்டி கணக்கிட்டு அதையும் சலுகையாகச் சேர்ப்பார்கள். அந்த வருடம் அவருக்குக் கொஞ்சம் ஊக்கச் சம்பளம் பதிந்து சமாளித்தோம். இப்போது அவரிடம் கொம்பனி அட்டையில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது, அவர் மனைவியின் யோசனை.

திகதிகள்

ஜூலை 31 வருட முடிவென்றால், வரிக் காசு அக்டோபர் 31க்குள், சிறு வணிகச் சலுகை உள்ள கொம்பனிக்கு. ரி-2 என்ற கொம்பனி வரிப் படிவம் ஜனவரி 31க்குள். காசும் படிவமும் ஒரே நாள் என்று நினைத்து மூன்று மாத வட்டி கட்டுகிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். சம்பளத்துக்கான ரி-4, பங்குலாபத்துக்கான ரி-5 பெப்ரவரி கடைசிக்குள். முதல் வருடம் தவணை வரி இல்லை, இரண்டாம் வருடம் தொடங்கும், அதற்கு இப்போதே காசு ஒதுக்குங்கள். ஓஹிப்பில் ஒருவரும் வரி பிடித்துக்கொண்டு தருவதில்லை.

ஓய்வு பெறும் நாளில் கொம்பனியை மூடத் தேவையில்லை. சான்றிதழைக் கல்லூரியிடம் ஒப்படைத்து, சாசனத்தைத் திருத்தி, பெயரிலிருந்து 'மெடிசின் புரொபெஷனல்' என்பதை எடுத்துவிட்டால் அது ஒரு சாதாரண முதலீட்டுக் கொம்பனி. உள்ளே சேர்ந்த காசை அதிலிருந்து வருடம் வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். அப்போது நான் இந்தத் தொழிலில் இருப்பேனோ தெரியாது, பழைய காகிதங்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.